பௌதிகவியல் மேற்படிப்புத் தேர்வும் பாடநூற் தெரிவும்

கெஹெல்கமு ஓயாவும் மஸ்கெலி ஓயாவும் ஒன்றுகூடிக் களனி கங்கையெனப் பெயர்பெறும் பகுதியில் அமைந்தது பொல்பிட்டிய. 1969 ஆம் ஆண்டு தொழிற்படத் தொடங்கிய நீர்மின் நிலையத்தால் அறியப்பெற்ற இவ்வூருக்கு மேலே மலைச் சரிவெங்கும் தேயிலைத் தோட்டங்கள். அத்தோட்ட லயமொன்றிலிருந்து பல்கலைக்கழகம் புகுந்து, பௌதிகவியலிற் பட்டம் பெற்ற மாணாக்கன் ஒருவன் அமெரிக்காவில் ஆராய்ச்சிப் படிப்பை விரும்புவானாயின், அவன் எதிர்கொள்ளக்கூடியது ஜி.ஆர்.ஈ. பௌதிகவியற் பாடத் தேர்வாகும். உயர்தரம் வரை தமிழிலும் அதன்மேல் ஆங்கிலத்திலும் கற்ற அவனிடம் நூல் வாங்கப் பொருளும் குறைவு. வேலைக்கிடையே படிக்கக் காலமும் குறைவு. எந்நூலை எடுப்பது, எதனை விடுப்பது என்பது அவனளவிற் சிறு வினா அன்று.

அண்மை ஆண்டுகளிற் பல பல்கலைக்கழகங்கள் இத்தேர்வைக் கட்டாயமாக்குவதைக் கைவிட்டுள்ளன. ஆதலின், தான் விண்ணப்பிக்கும் துறை அதனைக் கேட்கின்றதா என முதலில் அறிதல் வேண்டும். கேளாத இடத்துக்காகக் கட்டணமும் காலமும் செலவிடுதல் வீண்.

கேட்குமாயின், நூற்பட்டியலைத் தேடுமுன் தேர்வின் அமைப்பை நோக்குதல் தகும். பொறிமுறைக்கு நூற்றுக்கு 20, மின்காந்தவியலுக்கு 18, குவாண்டம் பொறிமுறைக்கு 12, வெப்பவியக்கவியலுக்கும் புள்ளிவிவரப் பொறிமுறைக்கும் 10, அணுப் பௌதிகத்துக்கு 10, ஒளியியலுக்கும் அலைகளுக்கும் 9 என்றவாறு பங்குகள் வகுக்கப்பட்டுள்ளன. சிறப்புச் சார்புக் கொள்கை, ஆய்வுகூட முறைகள், சிறப்புத் தலைப்புகள் ஆகியன எஞ்சியவற்றைப் பெறும். இவற்றுட் பாதிக்கு மேற்பட்டவை பட்டப் படிப்பின் முதலிரு ஆண்டுகளிற் கற்றவையே. இதனை உணராதார், கடினமான நூலே சிறந்த நூல் என மயங்குவர்.

ஆகவே அடிப்படையாகக் கொள்ளத்தக்கது, 1960 இல் முதற்கண் வெளிவந்து பன்முறை திருத்தம்பெற்ற ஹலிடே, ரெஸ்னிக் என்போரது பொதுப் பௌதிக நூல். பழைய பதிப்பேனும் குறையில்லை. நியூற்றனின் விதிகள் பதிப்புக்குப் பதிப்பு மாறுவனவல்ல. அதனை முழுவதும், கணக்குகளோடு, முடித்தல் வேண்டும். இரண்டாவது நூலுக்குப் பொருள் உண்டெனின் கிரிஃபித்ஸ் எழுதிய மின்னியக்கவியல் நூலையும், பின்னர் அவரே எழுதிய குவாண்டம் பொறிமுறை நூலையும் தேடலாம். ஃபைன்மன் விரிவுரைகள் இன்று இணையத்தில் விலையின்றிப் படிக்கக் கிடைக்கின்றன. அவை விளக்கத்துக்கு நிகரற்றவை. எனினும் தேர்வுப் பயிற்சிக்கென எழுந்தவையல்ல. ஓய்ந்த மாலைப்பொழுதுக்கு அவற்றை வைத்துக்கொள்ளலாம்.

கோல்ட்ஸ்டைனின் பொறிமுறை நூலும் ஜாக்சனின் மின்னியக்கவியல் நூலும் வேறு வகையின. அவை அனுமதி பெற்றபின் கற்கவேண்டியவை. அலுமாரியில் அவை நிற்பது பெருமை தரும். புள்ளி தருவது அரிது. ஜாக்சனின் ஒரு கணக்கோடு ஒரு வாரம் போராடிய மாணாக்கன், அவ்வாரத்தில் ஒளியியல் முழுவதையும் மீட்டிருத்தல் கூடும்.

ஏறத்தாழ 70 வினாக்களுக்கு இரண்டு மணி நேரமே உண்டு. வினாவொன்றுக்கு இரண்டு நிமிடமும் இல்லை. நீண்ட நிறுவலன்று, விரைந்த மதிப்பீடே ஈண்டு வேண்டப்படுவது. இதற்குப் பொல்பிட்டிய நிலையத்தையே எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். தொடக்கத்தில் அதன் கொள்ளளவு 75 மெகாவாற்று. நீர் 250 மீற்றர் வீழ்வதாக வைத்துக்கொண்டால், ஒரு கன மீற்றர் நீர், அதாவது 1,000 கிலோகிராம், இழக்கும் அழுத்தசக்தி ஏறத்தாழ 2.5 மெகாயூல். எனவே செக்கனுக்கு 30 கன மீற்றர் நீர் தேவை. சுழலியிலும் பிறப்பாக்கியிலும் நேரும் இழப்புகளை எண்ணின் சற்று மிகும். தாளும் கோலும் இன்றி இவ்வளவும் மனத்தில் முடிதல் வேண்டும். முடியாதவன் புதிய நூலொன்றைத் தேடுதல் தவறு. கையிலுள்ள நூலின் முதல் அத்தியாயங்களுக்குத் திரும்புவதே முறை.

தேர்வை நடத்தும் நிறுவனம் மாதிரி வினாத்தாளை விலையின்றி வழங்குகின்றது. அதனை இறுதி வாரத்துக்கென ஒதுக்கி வைப்போர் பலர். தொடக்கத்திலேயே கடிகாரத்தை முன்வைத்து அதனை எழுதி, பிழைத்த வினாக்களைப் பகுதிவாரியாக எண்ணுவதே நன்று. வெப்பவியலில் ஐந்து பிழையும் மின்னியலில் ஒன்றும் எனின், அடுத்துக் கடன் வாங்கவேண்டிய நூல் எதுவென்பது அவ்வெண்களிலேயே தெரிந்துவிடும்.