வீட்டுச் செபமும் பிள்ளையின் விசுவாசமும்

பொழுது பட்டதும் விளக்கேற்றி, வீட்டிலுள்ளோர் அனைவரும் ஒருங்கு கூடி முழந்தாளிட்டுச் செபிக்கும் வழக்கம் யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கக் குடும்பங்களில் நெடுங்காலமாக நிலவி வருவதாகும். பாயில் உறக்கக் கலக்கத்தோடு அமர்ந்திருக்கும் சிறு பிள்ளையும் அம்மம்மாவின் குரலைப் பின்பற்றிச் சில சொற்களை முணுமுணுக்கும். பொருள் விளங்காது முணுமுணுக்கும் அச்சொற்களால் யாது பயன் என வினவுவாரும் உளர். அவ்வினாவிற்கு விடைகூற இலங்கை வரலாற்றிலேயே தக்கதொரு சான்று உண்டு.

1658ஆம் ஆண்டில் யாழ்ப்பாணக் கோட்டை போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தர் கைக்கு மாறியது. கத்தோலிக்கக் குருமார் நாட்டினின்றும் அகற்றப்பட்டனர். அவர்களுக்குப் புகலிடம் அளிப்போர்க்கு மரண தண்டனை என அவ்வாண்டிலேயே கட்டளை பிறந்தது. கோயில்கள் ஒல்லாந்தரின் சீர்திருத்த சபைக்குரியவாயின. கோயிலை அடுத்துப் பாடசாலைகள் அமைக்கப்பட்டன. பிள்ளைகளை அங்கு அனுப்பாத பெற்றோர் குற்றப்பணம் செலுத்த நேர்ந்தது. ஞானஸ்நானமும் விவாகமும் பாடசாலைத் தோம்பிற் பதியப்பட்டன. எனவே, பகலில் பாடசாலையில் ஒரு ஞானோபதேசத்தை ஒப்புவித்த பிள்ளை, இரவில் வீட்டிலே பெற்றோரின் செபங்களைக் கற்க வேண்டியிருந்தது.

இந்நிலை ஏறத்தாழ இருபத்தொன்பது ஆண்டுகள் நீடித்தது. 1658இற் பிறந்த குழந்தை வளர்ந்து, மணம் முடித்து, தானும் பிள்ளைகளைப் பெறுதற்குப் போதிய காலம் அது. குருவானவரின் பூசையைக் காணாமலே ஒரு தலைமுறை வளர்ந்துவிட்டது. விசுவாசம் அறவே அற்றுப் போயிருக்கும் என்று எண்ணுதற்கு எல்லா நியாயமும் இருந்தது.

1687ஆம் ஆண்டில் கோவாவைச் சேர்ந்த யோசேப் வாஸ் அடிகளார், கூலியாள் போல வேடம் பூண்டு தூத்துக்குடியிலிருந்து கடல் கடந்து இலங்கைக்கு வந்தார். யாழ்ப்பாணத்தில் எவர் கத்தோலிக்கர் என்பதை அவர் அறியார். கேட்டறியவும் இயலாது. ஆகவே கழுத்திலே செபமாலையை அணிந்துகொண்டு வீடு வீடாகப் பிச்சை ஏற்கச் சென்றார் என்பது வரலாறு. அம்மாலையைக் கண்டு முகம் மாறியோரை அவர் கவனித்தார். மறைத்து வைத்த விசுவாசத்தை அம்முகங்களே காட்டிக் கொடுத்தன. பின்னர் சில்லாலைக் கிராமத்தை உறைவிடமாகக் கொண்டு, இரவு வேளைகளில் அவர் தம் பணியை ஆற்றினார். 1689ஆம் ஆண்டு நத்தார் இரவில், வழிபாட்டிற்காக வீடுகளிற் கூடியிருந்தோர் சிறைப்பிடிக்கப்பட்டனர். அவ்வளவு இடரையும் தாங்கும் உறுதி அவர்களுக்கு எங்கிருந்து வந்தது? கோயிலும் இல்லை, குருவும் இல்லை. வீடு ஒன்றே எஞ்சியிருந்தது. அடிகளார் 1711இற் கண்டியில் உயிர் நீத்தார். 2015இல் கொழும்பில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக உயர்த்தினார். அவருடைய பெரும்பணியைப் போற்றும்போது, அவர் வருமுன் திரி அணையாமற் காத்த பெயரறியாத் தாய்மாரையும் நினைத்தல் தகும்.

இவ்வரலாற்றினின்றும் பெற்றோர் அறியத்தக்கவை மூன்று.

முதலாவது, ஒழுங்கு. பிள்ளையின் உள்ளத்தில் பொருளுக்கு முன் பழக்கமே வேரூன்றுகின்றது. பேசக் கற்கும் குழந்தை இலக்கணம் அறிந்தா பேசுகின்றது? தாய் சொன்னதைச் சொல்லிச் சொல்லியே மொழியைப் பெறுகின்றது. செபமும் அத்தகையதே. நெடிய செபத்தினும், நாடோறும் தவறாது சொல்லும் குறுகிய செபமே பிள்ளைக்கு உகந்தது.

இரண்டாவது, நடத்தை. அர்ச். சின்னப்பர் தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தில், அவருடைய பாட்டியாரிடத்தும் தாயாரிடத்தும் முன்னரே விளங்கிய விசுவாசத்தை நினைவுகூர்கின்றார். உபதேசிமாரின் பெயரை அவர் அங்கு கூறவில்லை. வீட்டிலே பிள்ளை காண்பது எதுவோ, அதுவே அதன் முதல் வேதபாடம். செபம் முடிந்த கையோடு அயலவரைப் பழித்துரைக்கும் தகப்பனிடமிருந்து பிள்ளை கற்பது பழிப்புரையையே ஆகும். தான் செய்த பிழைக்காகப் பிள்ளையிடமே மன்னிப்புக் கேட்கும் தாய், பாவசங்கீர்த்தனத்தின் பொருளைப் பல பிரசங்கங்களினும் தெளிவாக விளக்கிவிடுகின்றாள்.

மூன்றாவது, சுயாதீனம். ஒல்லாந்தர் காலத்துப் போதகர் சிலர் மெய்யான பக்தியும் கல்வியும் உடையோரே. ஆயினும் தண்டனைக்கு அஞ்சிப் பெயர் பதிந்தோரின் நிலை யாதாயிற்று? 1796இல் ஒல்லாந்தர் ஆட்சி முடிவுற்று, 1806இல் கத்தோலிக்கர் மீதிருந்த தடைகளும் நீங்கியபின், பெருந்தொகையினர் அச்சபையை விட்டு அகன்றனர். இது கோட்பாட்டின் குறையன்று, வற்புறுத்தலின் விளைவு. இவ்வுண்மை கத்தோலிக்கப் பெற்றோர்க்கும் பொருந்தும். பிரம்பைக் காட்டிச் செபிக்கச் செய்த பிள்ளை, பிரம்பு எட்டாத வயதில் செபத்தையும் விட்டுவிடும்.

பிள்ளை சில வேளைகளில் கடினமான வினாக்களை எழுப்பும். பாட்டனார் குணமடைய வேண்டுமென்று எல்லோரும் செபித்தோமே, அவர் ஏன் இறந்தார் என்று கேட்கும். அவ்வேளையில் அதட்டி அடக்குதல் பெருந்தவறு. விடை தெரியாவிடத்துத் தெரியாதென்று ஒப்புக்கொண்டு, அன்றிரவும் பிள்ளையை அருகிருத்திச் செபித்தலே சாலச் சிறந்தது. துயரத்தினிடையேயும் பெற்றோர் இறைவனைக் கைவிடவில்லை என்பதைப் பிள்ளை கண்ணாரக் காணும். வாதங்கள் மறந்துபோகலாம், அக்காட்சி மறவாது.

இக்காலத்தில் கோயிலுக்குத் தடையில்லை. மறைக்கல்வி வகுப்புகளும் ஞாயிறுதோறும் நடைபெறுகின்றன. அதனாலேயே, பிள்ளையை வாயிலில் விட்டுவந்தால் கடமை தீர்ந்தது என எண்ணும் பெற்றோர் பலராயினர். வாரத்தில் ஒரு மணி நேரம் கற்பது, எஞ்சிய நாள்களில் வீட்டிற் காணப்படாவிடின், மனப்பாடமாகவே நின்றுவிடும். குருவும் கோயிலும் இல்லாத காலத்தில் வீடு விசுவாசத்தைக் காத்தது. குருவும் கோயிலும் உள்ள காலத்தில் வீடு அதனை இழந்துவிடலாகாது. இன்று மாலை விளக்கேற்றும் வேளையில், உறக்கக் கண்ணோடு வந்தமரும் சிறு பிள்ளைக்கும் பாயில் ஓரிடம் இருக்கட்டும்.