அறுவை மேசையில் இராமன் ஒளி

மாரிகுப்பத்திலிருந்து பெங்களூருக்கு ரயிலேறுவோருள் புற்றுநோய்ச் சிகிச்சைக்குச் செல்வோரும் உளர். பயணச்சீட்டுச் சன்னலில் அமர்ந்திருக்கும் நாம் அவர்களை அறிவோம். "அறுத்த பின்னும் திரும்ப வருமோ?" என்பதே அவர்தம் கவலை.

மூளைக்கட்டி நல்ல திசுவினுள் வேர் போல ஓடும். எல்லை கண்ணுக்குப் புலனாகாது. குறைய வெட்டினால் நோய் திரும்பும். மிக வெட்டினால் பேச்சோ கைகால் அசைவோ போகும். பாறையில் பொன் கண்ணுக்குத் தெரியாது கலந்திருந்ததை நம் சுரங்கத் தந்தையர் அறிவர். மருத்துவர் இடரும் அத்தகையதே.

இதற்குத் துணையாய் வந்தது தமிழர் ஒருவரின் கண்டுபிடிப்பு. திருச்சிராப்பள்ளியில் பிறந்து, கல்கத்தாவில் அரசாங்கக் கணக்கு அலுவலராயிருந்து, பின்னர் பேராசிரியரான சர் சி. வி. இராமன், 1928-இல், பொருளில் பட்டுச் சிதறும் ஒளியின் சிறுபகுதி நிறம் மாறுவதைக் கண்டார். அம்மாற்றம் பொருளுக்குப் பொருள் வேறுபடும்.

2015-இல் கனடா நாட்டு மான்ட்ரியல் மருத்துவர்கள், அறுவையின்போதே கைக்கருவியால் மூளைத்திசுவின்மீது லேசர் ஒளி பாய்ச்சி, சிதறிய ஒளியைக் கணிப்பொறியால் ஆராய்ந்து, புற்றணுக்கள் உள்ள இடத்தை இனங்கண்டதை வெளியிட்டனர்.

எல்லா மருத்துவமனைக்கும் இக்கருவி இன்னும் வரவில்லை. வல்ல கைக்கு இது மாற்றுமன்று, துணையே. ஆயினும் 1933 முதல் 1970-இல் மறையும் வரை, நம் ரயில் சேரும் பெங்களூரில் வாழ்ந்தவர் கண்ட ஒளி நோயாளர்க்கு வழிகாட்டத் தொடங்கியுள்ளது. அன்பர்களே, உடலில் கட்டி கண்டால் நாள் கடத்தாது மருத்துவரை நாடுங்கள். எவ்வொளியும் காலத்தே சென்றவர்க்கே மிகுதியும் உதவும்.