கப்பலை நடத்தும் விளையாட்டு

கொழும்பின் காலி வீதி வழியே தெற்கு நோக்கிச் செல்வோர், பம்பலப்பிட்டியில் மஜெஸ்டிக் சிட்டிக்கு அருகே யுனிட்டி பிளாசா என்னும் கட்டடத்தைக் காண்பர். கணினிகளையும் அவற்றின் உறுப்புகளையும் விற்கும் கடைகள் பல அங்கு அடுத்தடுத்து அமைந்துள்ளன. அங்கிருந்து சில நிமிட நடையில் புகையிரதப் பாதையும், அதற்கு அப்பால் கடலும் வந்துவிடும். வானம் தெளிந்த நாளில், தொடுவானில் செல்லும் கப்பல்களைக் கரையிலிருந்தே காணலாம். கணினியின் முன் அமரும் இளைஞருக்கோ, அத்தகைய கப்பல் ஒன்றைத் தாமே நடத்தும் வாய்ப்பு விளையாட்டாக விற்கப்படுகிறது. உல்லாசப் பயணிகளை ஏற்றிச் செல்லும் பெருங்கப்பலின் உரிமையாளராக இருந்து, உணவுச்சாலை அமைத்து, ஊழியரை நியமித்து, கட்டணம் விதித்து, இலாபம் ஈட்டுவதே அவ்விளையாட்டு. கேட்பதற்கு இனிய இந்த எண்ணம், ஆடியவர் பலருக்கு ஏமாற்றத்தையே தந்திருக்கிறது. அவர்கள் ஏமாந்தது எதனால் என்று ஆராய்ந்தால், விளையாட்டைப் பற்றி மட்டுமன்றி, நிர்வாகம் என்பதைப் பற்றியும் சில உண்மைகள் புலப்படும்.

நிர்வாக விளையாட்டு என்னும் இனம் கடைத்தெருவில் பிறந்ததன்று, பள்ளிக்கூடத்தில் பிறந்தது. 1964 ஆம் ஆண்டில், அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்தைச் சேர்ந்த மேபல் அடிஸ் என்னும் ஆசிரியை, ஐ.பி.எம். நிறுவனத்தாரின் துணையோடு, ‘சுமேரிய விளையாட்டு’ என்பதை மாணவருக்காக அமைத்தார். பண்டைய லகாஷ் நகரின் ஆட்சியாளராக மாணவன் அமர்த்தப்படுவான். அறுவடையான தானியத்தில் மக்களின் உணவுக்கு எவ்வளவு, விதைப்புக்கு எவ்வளவு, களஞ்சியத்துக்கு எவ்வளவு என்று அவன் முடிவு செய்ய வேண்டும். அதன் விளைவைக் கணினி தாளில் அச்சிட்டுக் காட்டும். வண்ணப் படமோ, வேகமோ அதில் இல்லை. எனினும் மாணவர் முடிவெடுக்க வேண்டிய கட்டாயம் ஒவ்வொரு சுற்றிலும் இருந்தது.

இதன் தத்துவம் வேளாண்மை அறிந்த தமிழருக்குப் புதிதன்று. வீட்டில் இருக்கும் நெல் ஒன்றே. அதை உண்டால் விதைக்க இயலாது, விதைத்தால் உண்ண இயலாது. விதைநெல்லைக் குற்றி உண்பவனின் அடுத்த போகம் என்னாகும் என்பதை எவரும் அவனுக்குச் சொல்லத் தேவையில்லை. ஒரு பொருளை ஓரிடத்தில் செலவிட்டால் மற்றோரிடத்தில் அது குறையும். அக்குறை பின்னொரு நாள் கண்முன் வந்து நிற்கும். நிர்வாகம் என்பதன் உட்பொருள் இதுவே. இதைக் காட்டும் விளையாட்டு உயிருள்ளதாகிறது, காட்டாதது பொம்மையாகிவிடுகிறது.

பின்னாளில் புகழ்பெற்ற ஆட்டங்கள் அனைத்தும் இந்நெறியையே பின்பற்றின. 1989 ஆம் ஆண்டில் வில் ரைட் என்பவர் உருவாக்கிய ‘சிம்சிட்டி’யில், ஆடுவோர் நகரபிதாவாகி வீதியும் மின்சாரமும் குடியிருப்பும் அமைக்கின்றனர். வரியை உயர்த்தினால் கையில் பணம் சேரும், ஆனால் குடிகள் வெளியேறுவர். 1994 ஆம் ஆண்டில் வெளிவந்த ‘தீம் பார்க்’ என்னும் ஆட்டத்தில், உருளைக்கிழங்குப் பொரியலில் உப்பைக் கூட்டினால் அருகிலுள்ள கடையில் குளிர்பானம் மிகுதியாக விலைபோகும். 1999 ஆம் ஆண்டில் ஸ்கொத்லாந்தைச் சேர்ந்த கிறிஸ் சோயர் ஏறத்தாழத் தனியொருவராக நிரலெழுதிய ‘ரோலர்கோஸ்டர் டைக்கூன்’ இன்னும் ஒரு படி மேலே சென்றது. பொழுதுபோக்குப் பூங்காவுக்கு வரும் ஒவ்வொரு மனிதரின் எண்ணத்தையும் அதிலே தனித்தனியே படிக்கலாம். ஒருவருக்குப் பசி, மற்றவருக்குத் தாகம், வேறொருவருக்குத் தலைசுற்றல். மழை பெய்யத் தொடங்கினால் குடைக்கு எவ்விலையும் கொடுக்க அவர்கள் முன்வருவர். சிறு காரணமும் அதன் விளைவும் ஒன்றையொன்று தொடர்வதைக் கண்ணால் காண்பதே அவ்வாட்டத்தின் இன்பம்.

இந்த வெற்றியைக் கண்டு, பெயரின் இறுதியில் ‘டைக்கூன்’ என்னும் சொல்லைத் தாங்கிய ஆட்டங்கள் பல அடுத்தடுத்து வெளிவந்தன. பெருவணிகர் என்பது அச்சொல்லின் கருத்து. 2003 ஆம் ஆண்டில் ‘குரூஸ் ஷிப் டைக்கூன்’ வெளிவந்தது. அதற்குப் பின்னும் உல்லாசக் கப்பலைப் பொருளாகக் கொண்ட ஆட்டங்கள் அவ்வப்போது தோன்றின. ஆயினும் நகரமும் பூங்காவும் பெற்ற புகழில் ஒரு பங்கைக்கூடக் கப்பல் பெறவில்லை. இது வியப்புக்குரியது. ஏனெனில் நிர்வாகச் சிக்கலுக்குக் கப்பலை விடச் சிறந்த களம் வேறில்லை. நகரத்தில் இடம் போதாவிடில் எல்லையை விரிக்கலாம்; கப்பலில் ஓரடியும் விரிக்க இயலாது. பூங்காவில் அதிருப்தி கொண்டவர் வாயில் வழியே வீடு திரும்பலாம்; கப்பலில் அடுத்த துறைமுகம் வரும்வரை அவர் அங்கேதான் இருப்பார்.

இவ்வகை ஆட்டங்களைப் பற்றி ஆடியோர் கூறும் குறைகளைத் தொகுத்து நோக்கினால் அவை பெரும்பாலும் நான்கில் அடங்கும். முதலாவது, பயணிகள் அனைவரும் ஒரே அச்சில் வார்த்தவர் போல் இருப்பது. முதியவர், குழந்தையுடன் வந்தவர், புதுமணத் தம்பதியர் என்ற வேறுபாடு தோற்றத்தில் உண்டு, விருப்பத்தில் இல்லை. இரண்டாவது, கப்பல் இலாபம் காணத் தொடங்கியபின் செய்வதற்கு எதுவும் இல்லாதிருப்பது. மூன்றாவது, கடல் வெறும் ஓவியத் திரையாக நிற்பது. கப்பல் எத்துறைமுகத்துக்குச் சென்றாலும் கணக்கில் மாற்றமில்லை. நான்காவது, ஆட்டம் பழுதுற்று நின்றுவிடுவதும், எப்பொத்தான் எதற்கென்று விளங்காதிருப்பதும்.

இவற்றுள் நான்காவது குறை தொழிற்குறை. திருத்தம் வந்தால் நீங்கிவிடும். முதல் மூன்றும் அத்தகையனவல்ல. அவற்றை ஊன்றிக் கவனித்தால் ஒரு விந்தை புலனாகும். பொழுதுபோக்குக்காகப் பணம் கொடுத்தவர்கள், தமக்குப் போதிய தொல்லை தரப்படவில்லை என்று முறையிடுகின்றனர். புயல் வரவில்லை, பண்டம் தீரவில்லை, ஊழியர் களைப்படையவில்லை, எவரும் நோயுறவில்லை என்பதே அவர்களின் வருத்தம். தவறிழைத்தால் தண்டனை இல்லாத இடத்தில், சரியாகச் செய்தாலும் மகிழ்ச்சி இல்லை என்பதை அவர்கள் தம் அனுபவத்தால் உணர்ந்திருக்கின்றனர்.

மெய்யான கப்பலில் தொல்லைக்குப் பஞ்சமில்லை. பயணம் முடிந்து கப்பல் துறைமுகத்தை அடையும் காலையில் பழைய பயணிகள் இறங்குவர். பிற்பகலில் புதியவர் ஏறுவர். இடைப்பட்ட சில மணி நேரத்துக்குள் அறைகள் யாவும் தூய்மையாக்கப்பட வேண்டும். அடுத்த பயணத்துக்கான அரிசியும் காய்கறியும் ஏற்றப்பட வேண்டும். குடிநீரின் பெரும்பகுதியைக் கடல்நீரிலிருந்தே கப்பல் ஆக்கிக்கொள்கிறது. அதற்கும் ஆற்றல் செலவாகும். 2012 ஆம் ஆண்டில் இத்தாலியக் கரையில் ‘கொஸ்டா கொன்கோர்டியா’ பாறையில் மோதிச் சாய்ந்த பின்னர், பயணிகளைப் புறப்படுமுன்னரோ புறப்பட்ட உடனேயோ ஒன்றுகூட்டி ஆபத்துக்காலப் பயிற்சி அளிக்க வேண்டும் என்ற சர்வதேச விதி 2015 முதல் நடைமுறைக்கு வந்தது. விருந்துக்கு விரையும் பயணிகளை அப்பயிற்சிக்கு அழைத்து வருவதும் நிர்வாகத்தின் கடமையே.

எரிபொருட் கணக்கு ஒன்றே நல்ல ஆட்டத்துக்குப் போதுமானது. கப்பலின் வேகம் கூடும்போது அதற்கு வேண்டிய ஆற்றல் ஏறத்தாழ வேகத்தின் மும்மடிப் பெருக்கமாக உயரும். வேகத்தைப் பத்து வீதம் கூட்டினால் ஆற்றல் தேவை முப்பத்துமூன்று வீதமளவு கூடும். கரையில் பொருள் வாங்கும் பயணிகள் இன்னும் இரண்டு மணி நேரம் கேட்கின்றனர் என்று வைத்துக்கொள்வோம். கொடுத்தால் அவர்கள் மகிழ்வர். ஆனால் மறுநாள் துறைமுகத்தில் குறித்த நேரத்துக்குச் சேர விரைந்தோட வேண்டும். எரிபொருள் இலாபத்தை விழுங்கிவிடும். மறுத்தால் பணம் மிஞ்சும், முகங்கள் வாடும். ஓர் இளைஞன் கணினியின் முன் அமர்ந்து கன்னத்தில் கைவைத்துச் சிந்திக்க இதைவிட வேறென்ன வேண்டும்?

இலங்கையைச் சூழ்ந்த கடலிலும் இதற்குச் சான்றுண்டு. 2023 ஆம் ஆண்டு யூன் மாதத்தில், சென்னையிலிருந்து புறப்பட்ட ‘எம்பிரஸ்’ என்னும் உல்லாசக் கப்பல் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய துறைமுகங்களுக்கு வந்தது. அதே ஆண்டு ஒக்டோபர் 14 ஆம் திகதி, நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே ‘செரியபாணி’ என்னும் பயணிகள் கப்பல் சேவை தொடங்கிற்று. ஆனால் வாடைக்காற்றுக் காலம் நெருங்கிவிட்டதால், சில நாட்களிலேயே அச்சேவை நிறுத்தப்பட்டது. 2024 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் ‘சிவகங்கை’ என்னும் வேறொரு கப்பலைக் கொண்டே அது மீண்டும் தொடங்கப்பட்டது. கப்பலும் ஆயத்தம், பயணிகளும் ஆயத்தம், காற்று இசையவில்லை. கடலை ஓவியத் திரையாக்கிய ஆட்டம் எதை விட்டுவிட்டது என்பதை இந்த ஒரு நிகழ்ச்சியே விளக்கும்.

விளையாட்டுத்தானே, அதில் உண்மைக்கு இத்துணை இடம் எதற்கு என்று கேட்பாரும் உளர். அவர் கூற்றில் ஓரளவு நியாயம் உண்டு. மாலுமிகளைப் பயிற்றும் போலி இயக்கப் பொறிகள் வேறு, பொழுதுபோக்கு ஆட்டம் வேறு. ராடார் கருவிப் பயிற்சிக்கு அத்தகைய பொறிகளைச் சர்வதேச விதிகள் கட்டாயமாக்கியுள்ளன. அங்கே ஒவ்வொரு நுணுக்கமும் மெய்யாக இருத்தல் வேண்டும். ஆட்டத்தில் அத்தனையும் வேண்டியதில்லை. தானியத்தை மூன்றாகப் பங்கிட்ட சுமேரிய விளையாட்டில் மெய்ந்நுணுக்கம் மிகக் குறைவு. வேண்டுவது தெரிவும் அதன் விளைவும் மட்டுமே. நீச்சல் குளத்தின் நீர் எவ்வளவு அழகாக மின்னினாலும், குளம் அமைப்பதால் எதை இழக்கிறோம் என்று தெரியாவிடில் அம்மின்னல் சிறிது நேரத்தில் சலித்துவிடும்.

இச்சலிப்பு வீட்டு வரவுசெலவையும் தொடும். இவ்வாட்டங்கள் பெரும்பாலும் டொலரில் விலையிடப்படுகின்றன. 2022 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த ஒரு டொலர், அவ்வாண்டின் நடுப்பகுதியில் 360 ரூபாவளவுக்கு உயர்ந்தது. இருபது டொலர் ஆட்டமொன்று 4,000 ரூபாவிலிருந்து 7,200 ரூபாவாயிற்று. ஆட்டங்களை விற்கும் ‘ஸ்டீம்’ என்னும் பெருங்கடை, வாங்கிய பதினான்கு நாட்களுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திருப்பித் தரும் முறையை 2015 ஆம் ஆண்டில் கொண்டுவந்தது. நல்ல ஏற்பாடுதான். ஆயினும் நிர்வாக விளையாட்டின் குறை முதல் இரண்டு மணி நேரத்தில் வெளிப்படுவது அரிது. அந்நேரம் கப்பலை அலங்கரிப்பதில் கழியும். வெறுமை புலப்படும்போது தவணை கடந்திருக்கும்.

ஆகவே பணம் கொடுக்குமுன் பிறர் தீர்ப்பைப் படிப்பது அறிவுடைமை. அதையும் அறிந்து படிக்க வேண்டும். அக்கடையில் ஆடுவோர் ஆட்டத்தைப் பரிந்துரைப்பதாகவோ பரிந்துரைக்கவில்லை என்றோ இரண்டில் ஒன்றையே கூறலாம். நூற்றுக்கு நாற்பது முதல் அறுபத்தொன்பது பேர் வரை பரிந்துரைத்தால் ‘கலப்பு’ என்று அது குறிக்கப்படும். இவ்வெண் விரும்பினோர் எத்தனை பேர் என்பதைச் சொல்லுமேயன்றி, எதை விரும்பினர் என்பதைச் சொல்லாது. ஆகையால் எண்ணைக் கடந்து சொற்களுக்குச் செல்ல வேண்டும். தீர்ப்பு வழங்கியவர் எத்தனை மணி நேரம் ஆடினார் என்பதும் உடன் குறிக்கப்பட்டிருக்கும். ஒரு மணி நேரம் ஆடியவரின் புகழுரையை விட, முப்பது மணி நேரம் ஆடியவரின் குறைகூறல் பயன்மிக்கது. படம் அழகில்லை என்பவரின் கூற்று அவரவர் சுவை. முதல் நாளுக்குப் பின் முடிவெடுக்க எதுவுமில்லை என்று பலர் ஒருமுகமாகச் சொன்னால், அது ஆட்டத்தின் அமைப்பிலேயே உள்ள குறை.

இளைஞருக்கு இன்னொரு வழியும் உண்டு. சுமேரிய விளையாட்டின் வழிவந்த ‘ஹமுராபி’ என்னும் சிற்றாட்டம் 1968 ஆம் ஆண்டில் எழுதப்பட்டு, பின்னர் பேசிக் மொழியில் நூல்களிலும் வெளிவந்து உலகெங்கும் பரவிற்று. அதன் நிரல் சில பக்கங்களே. இலங்கையில் உயர்தர வகுப்புத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடத்தில் பைதன் மொழி கற்பிக்கப்படுகிறது. அம்மொழி பயிலும் மாணவர் சிலர் கூடினால், பழைய கணினி ஒன்றிலேயே சிறு கப்பலொன்றை நடத்திப் பார்க்கலாம். எரிபொருள், குடிநீர், பயணியர் மனநிலை என்னும் மூன்று எண்களும், வாடை எப்போது வீசும் என்பதற்கு ஓர் எழுமாற்று எண்ணும் தொடக்கத்துக்குப் போதும். படமின்றி, ஒலியின்றி, எழுத்திலேயே அக்கப்பல் ஓடட்டும். ஒரு தோழனை அதில் அமர்த்தி, காங்கேசன்துறையில் இன்னும் இரண்டு மணி நேரம் நிற்பதா, புறப்படுவதா என்று கேட்கட்டும். அவன் உடனே விடை சொல்லாது தயங்குவானாயின், விலைகொடுத்து வாங்கிய கப்பலில் கிடைக்காதது அவர்கள் எழுதிய கப்பலில் கிடைத்துவிட்டது.