நெராய்தாவும் நீரரமகளிரும்

கிரேக்க நாட்டுச் சிற்றூர் மக்கள் தேவதைப் பெண்ணுக்கு வழங்கும் பெயர் 'நெராய்தா' என்பது. அவள் ஊற்றிலும் ஓடையிலும் மரநிழலிலும் உறைபவள், பேரழகி, உச்சிப்பொழுதில் தனியே வருவோரைப் பற்றிக்கொள்பவள். 'உச்சிவேளையில் ஆற்றுக்குத் தனியே போகாதே' என்று பாட்டிமார் சொல்லக் கேட்டு வளர்ந்த கம்பம் பள்ளத்தாக்கு மாணவர்க்கு இவள் அயலாள் அல்லள்.

பெயரைக் கேட்டவுடன், 'இது நம் நீர் அல்லவா!' என்று துள்ளத் தோன்றும். இன்றைய கிரேக்கத்தில் தண்ணீருக்கு 'நெரோ' என்றே பெயர். இவ்வொப்புமையை மேடையில் சொல்லிக் கைதட்டல் பெறுவோரும் உளர். சற்றே பொறுத்து ஆராய்வோம்.

பழங்கிரேக்கத்தில் நீரைக் குறித்த சொல் 'ஹுதோர்'. 'நெயரோன்' என்றால் புதியது. புதுநீரை 'நெயரோன் ஹுதோர்' என்றனர். நாளடைவில் பின்சொல் உதிர, அடைமொழியே திரிந்து 'நெரோ' என நின்றது. ஆகவே நம் நீருக்கும் அதற்கும் உறவில்லை. ஓசை ஒற்றுமையே உண்டு. ஆனால் வேறோர் ஒற்றுமை காண்க. தண்மையான நீரே தண்ணீர். நாமோ கொதிப்பதையும் 'சுடுதண்ணீர்' என்கிறோம்!

நெராய்தா வந்த வழி வேறு. நெரெயுஸ் என்னும் கடல் முதியோனின் பெண்மக்கள் 'நெரெயித்' எனப்பட்டனர். கி.மு. 700 அளவில் வாழ்ந்த ஹெசியோத் என்னும் புலவர் அவர்களை 50 பேர் என்கிறார். அந்நாளில் ஊற்றுக்கு நயாத், மரத்துக்குத் திரையாத் என வெவ்வேறு அணங்குகள் இருந்தனர். கிறித்துவம் பரவியபின் பழைய கோயில்கள் போயின. மற்றைப் பெயர்கள் மக்கள் நாவிலிருந்து நழுவின. கடல்மகளின் பெயர் மட்டும் நிலைத்து, மலையூற்றுக்கும் ஏறிற்று. 'நெரோ' என்ற ஓசை அதற்குத் துணைசெய்திருக்கலாம் என்பது என் எண்ணம்.

நம்மவர் பெயரிட்ட முறை இன்னும் தெளிவானது. நீரில் உறைவோர் நீரரமகளிர்; மலையில் உறைவோர் வரையரமகளிர்; அஞ்சச் செய்வோர் சூரரமகளிர். சூர் என்றாலே அச்சந்தான். திருமுருகாற்றுப்படையில் இச்சூரரமகளிர் மலைச்சோலையில் ஆடுகின்றனர். சிலப்பதிகாரத்தில், வேங்கை நிழலில் நின்ற கண்ணகியைக் கண்ட குறவர் மனம் நடுங்கி, யார் என்று வினவுகின்றனர். நம் கூடலூருக்கு மேலே மங்கலதேவி கோட்டத்தில் சித்திரை முழுநிலவன்று அவளுக்கு இன்றும் விழா நடைபெறுகிறது.

நெராய்தாவின் பெயரைச் சொல்லவும் அஞ்சும் கிரேக்கர், 'நல்ல சீமாட்டியர்' என்று இதமாகக் குறிப்பர். கொடிய நஞ்சுடையதை 'நல்ல பாம்பு' என்றும், கொப்புள நோயை 'அம்மை' என்றும் சொல்லும் நமக்கு இது புரியாததன்று. ஓடைக்கரையில் ஏழு கற்களை நட்டுக் 'கன்னிமார்' என்று கும்பிடுவோர், மறந்தும் 'சூர்' என்று சொல்வதில்லை.