உங்களுக்குத் தெரியுமா? ஈயின் கருவில் 14 வரிகள்

பழ ஈயின் முட்டை அரை மில்லிமீட்டர்தான் இருக்கும். உள்ளே இருக்கும் இளங்கருவை நுண்ணோக்கியில் பார்த்தாலும் வெளிறிய சோற்றுப் பருக்கை மாதிரிதான் தெரியும். '4டி9' என்ற எதிர்ப்பொருளில் (ஆன்டிபாடி) ஊறவைத்துச் சாயம் ஏற்றினால் அதே கருவின் குறுக்கே 14 பழுப்பு வரிகள் எழும்பும். 'என்கிரெயில்டு' என்ற புரதம் இருக்கும் செல்கள் அவை. ஒவ்வொரு உடற்கண்டத்தின் பின்பகுதி எது என்று கருவுக்குச் சொல்லும் புரதம் அதுதான்.

*

4டி9 என்பது என்ன பெயர்? எதிர்ப்பொருள் சுரக்கும் செல்களை 96 குழிகள் உள்ள தட்டுகளில் வளர்ப்பார்கள். எந்தத் தட்டு, எந்த வரிசை, எத்தனையாவது குழி என்பதே வழக்கமாகப் பெயராகிவிடும். சோதிடம், எண் கணிதம் எதுவும் கிடையாது.

*

எதிர்ப்பொருளைத் தயாரிப்பது எலி. புரதத்தை ஊசி மூலம் செலுத்தினால், எலியின் உடல் அதை அந்நியப் பொருளாக எண்ணி எதிர்ப்பொருள் உண்டாக்கும். சுரக்கும் செல்லை மண்ணீரலிலிருந்து எடுத்துத் தனியே வளர்த்தால் சில நாளில் செத்துவிடும். சாகாமல் பெருகும் புற்றுச் செல்லோடு அதை ஒட்டவைத்தால்? 1975இல் கேம்பிரிட்ஜில் ஜார்ஜ் கோலரும் சேசார் மில்ஸ்டைனும் அதைத்தான் செய்தார்கள். 1984இல் நோபல் பரிசு கிடைத்தது. காப்புரிமை? அவர்கள் எடுக்கவில்லை! பின்னாளில் இதே உத்தியில் எத்தனை கோடிக்கு மருந்துகள் விற்றன என்று நினைத்தால் நமக்கே வயிறு எரிகிறது.

*

சாயம் ஏற்றும் வேலையில் பாதி, முட்டையை உரிப்பதுதான். வெளி உறையை பிளீச் கரைத்துவிடும். பிறகு ஹெப்டேனும் ஃபார்மால்டிஹைடும் ஊற்றிக் குலுக்கிக் கருவை அப்படியே நிலைப்படுத்துவார்கள். அடுத்து ஃபார்மால்டிஹைடை வடித்துவிட்டு மெத்தனால் விட்டு, ஓங்கி ஒரு குலுக்கு. உள்சவ்வு வெடித்துக் கழன்ற கருக்கள் அடியில் போய்த் தங்கும். கழலாதவை இரண்டு திரவங்களுக்கு நடுவே மிதக்கும். மிதப்பதை உறிஞ்சி எறிந்துவிட வேண்டியதுதான். அதற்குள் எதிர்ப்பொருள் நுழையாது.

*

4டி9 பிறந்தது ஈக்காக. ஆனால் நிபம் பட்டேலும் சகாக்களும் 1989இல் வெளியிட்ட ஆய்வில், அது வெட்டுக்கிளிக் கருவிலும் நன்னீர் இறால் வகையின் கருவிலும் வரி வரியாகப் பதிந்தது. முதுகெலும்பிகளில் நடுமூளையும் பின்மூளையும் சேரும் இடத்தில் பதிந்தது! எதிர்ப்பொருள் பற்றிக்கொள்ளும் துண்டு, பல கோடி ஆண்டுகளாகப் பெரிதாக மாறாமல் வந்ததே காரணம். ஒரு எச்சரிக்கை: அந்தத் துண்டு சற்று மாறியிருந்தாலும் ஒட்டாமல் போகலாம். சாயம் ஏறவில்லை என்பதற்காகப் புரதமே இல்லை என்று முடிவு கட்டக் கூடாது. (பட்டேல் பின்னாளில் அமெரிக்காவின் உட்ஸ் ஹோல் கடல் உயிரியல் ஆய்வகத்தின் இயக்குநரானார்.)

*

எதிர்ப்பொருள் சுரக்கும் இந்த ஒட்டுச் செல்களுக்கு ஒரு வங்கியே இருக்கிறது. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் இயங்கும் 'டெவலப்மென்டல் ஸ்டடீஸ் ஹைபிரிடோமா பேங்க்'. 1986இல் அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனம் தொடங்கியது. லாப நோக்கமில்லை. ஆய்வாளர்கள் தாங்கள் உருவாக்கிய செல்களை இங்கே ஒப்படைக்கலாம். யார் கேட்டாலும் எதிர்ப்பொருள் கிடைக்கும். 4டி9 இங்கேதான் இருக்கிறது.

*

அதே வங்கியில் இருக்கும் இன்னொரு எதிர்ப்பொருள் '5ஈ1'. இது பற்றுவது 'சோனிக் ஹெட்ஜ்ஹாக்' என்ற புரதத்தை. ஆம், சேகா நிறுவனத்தின் வீடியோ கேம் நாயகன் பெயரேதான்! குழிக்கு எண் போடுகிறவர்களே மரபணுவுக்கு இப்படியும் பெயர் வைக்கிறார்கள். 5ஈ1 புரதத்தைக் காட்டிக்கொடுப்பதோடு நிற்பதில்லை, அதன் வேலையையும் முடக்கிவிடும். கோழிக் கருவின் நரம்புக் குழல் திசுவில் இதைச் சேர்த்தபோது, தசைகளை இயக்கும் நரம்புச் செல்கள் உருவாகவில்லை. அந்தச் செல்கள் பிறக்க சோனிக் தேவை என்பதற்கு 1996இல் கிடைத்த நேரடிச் சான்று இது.