அற்றிக்காச் சிறை புகட்டும் பாடம்

குற்றம் புரிந்தோன் சிறைபுகுதல் நீதியே. ஆனால், அவன் வாரம் ஒருமுறை மட்டுமே நீராடலாம் என்பது எவ்வகை நீதி? அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்திலுள்ள அற்றிக்காக் கடுங்காவற் சிறையில் 1971ஆம் ஆண்டில் நிலவிய நிலை இதுவே. கொள்ளளவை மீறி, 2,200க்கும் அதிகமான கைதிகள் அங்கே அடைக்கப்பட்டிருந்தனர். மலசலகூடக் காகிதம் மாதத்திற்கு ஒரு சுருளே கிடைத்தது. நாளின் பெரும்பகுதி சிற்றறையிலேயே கழிந்தது. முறையீடுகள் பயனளிக்கவில்லை.

செப்டெம்பர் 9ஆம் திகதி கைதிகள் கிளர்ந்தெழுந்து, காவலரைப் பணயமாகப் பிடித்தனர். தம்மை மனிதராக நடத்தவேண்டும் என்பதே அவர்தம் கோரிக்கையின் சாரம். 13ஆம் திகதி ஆயுதப்படை உட்புகுந்தது. அன்று சுடப்பட்டோருள் 39 பேர் மாண்டனர். அவருள் 10 பேர் பணயமாயிருந்த சிறை ஊழியர். அவர்களும் அரசின் குண்டுகளுக்கே இரையாயினர்.

கைதியின் குரலைக் கேளாத மதில், காவலனையும் காக்கவில்லை. இதனை நம் மாணவர் சிந்திப்பாராக.