கட்டி முடியாத பக்கத்து வீடு

மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்துக்கு அடிக்கல் நாட்டிய இடம் வேறு, அது நிற்கும் இடம் வேறு. 1967 ஆகஸ்ட் 7-ஆம் நாள் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் கல் நாட்டியது பினாங்குத் தீவின் தென்பகுதியில், சுங்கை ஆராவில். அங்கே 113 ஹெக்டேர் நிலம் ஒதுக்கியிருந்தார்கள். 1969-இல் 57 மாணவர்களோடு வகுப்பு தொடங்கியதோ கெலுகோரில், மலாயா ஆசிரியர் கல்லூரியின் கட்டடங்களில். 1971-இல் அங்கிருந்தும் கிளம்பி, அதே கெலுகோரில் பிரிட்டிஷ் படை இருந்த மிண்டன் முகாமுக்குள் குடியேறியது. சுங்கை ஆராவில் நாட்டிய கல்லின் மேல் பல்கலைக்கழகம் எழும்பவே இல்லை.

அந்த இடமாற்றத்தால் கெலுகோர்க்காரர்களுக்கு, யாரும் திட்டமிடாமலே, ஒரு நன்மை கிடைத்தது. முகாமில் கட்டடங்கள் ஏற்கெனவே நின்றன. சாலை இருந்தது, வடிகால் இருந்தது, நிழல் தரும் தூங்குமூஞ்சி மரங்கள் இருந்தன. சிப்பாய்கள் தங்கிய கூடங்கள் அலுவலகங்களும் வகுப்பறைகளுமாயின. ஒரு பல்கலைக்கழகம் வெறும் மண்ணில் தொடங்கினால் முதல் சில ஆண்டுகள் அக்கம்பக்கத்தார் படும் பாடு கொஞ்சநஞ்சமல்ல: மண் வெட்டும் இயந்திரம், சிமெண்டு லாரி, செம்மண் சேறு. இருந்ததைப் பழுதுபார்த்து வைத்துக்கொண்டதால் அந்தப் பாட்டில் பெரும்பகுதி இல்லாமல் போனது. அண்டை அயலாருக்குத் தொல்லை தராத கட்டுமானம் எது என்று கேட்டால், கட்டாமல் விட்ட கட்டடம்தான் என்று அடித்துச் சொல்லலாம்.

ஆனால் பல்கலைக்கழகம் வளரும் பிராணி. அரை நூற்றாண்டாக மிண்டனில் விரிவுரை மண்டபம், ஆய்வுக்கூடம், நூலகம், ‘தேசாசிஸ்வா’ என்று எல்லோரும் அழைக்கும் மாணவர் விடுதிகள் என ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தபடியே இருக்கின்றன. அதே காலத்தில் சுற்றுப்புறமும் சும்மா இருக்கவில்லை. 1985-இல் பினாங்குப் பாலம் திறந்தபோது தீவின் பக்கம் அது வந்து இறங்கியது கெலுகோரில்தான். சுங்கை டுவாவிலும் புக்கிட் கம்பீரிலும் அடுக்குமாடிகள் முளைத்தன. மிண்டன் ஹைட்ஸ் குடியிருப்பு நிறைந்தது. ஊருக்கு ஒதுக்குப்புறமாக இருந்த வளாகம் இன்று நாலா பக்கமும் வீடு சூழ்ந்த வளாகம். பக்கத்துப் பத்து உபானுக்கு இதெல்லாம் நேற்றைய கதை. அங்குள்ள பள்ளிவாசலின் தொடக்கத்தை 1734 என்று சொல்வார்கள். பிரான்சிஸ் லைட் தீவில் பிரிட்டிஷ் கொடி ஏற்றியதே 1786-இல்தான். யார் முதலில் வந்தது என்ற வழக்கில் இங்கே பல்கலைக்கழகம் ஜெயிக்க முடியாது.

பக்கத்து வீட்டுக்காரர் மாடி கட்டுகிறார் என்றால் ஆறு மாதம், ஒரு வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிடலாம். முடியும் தேதி தெரிந்த தொல்லை பாதித் தொல்லைதான். வளாகக் கட்டுமானத்துக்கு அந்தத் தேதி கிடையாது. ஒரு கட்டடத்துக்குத் திறப்பு விழா நடக்கும்போது அடுத்த கட்டடத்துக்கு மண் பரிசோதனை நடக்கிறது. ஒப்பந்தக்காரர் மாறுகிறார், நிதி வரும் ஆண்டு மாறுகிறது, துணைவேந்தர் மாறுகிறார். மாறாமல் இருப்பவர் வேலிக்கு இந்தப் பக்கம் குடியிருப்பவர் மட்டுமே.

சட்டம் இந்த நீட்சியைப் பார்ப்பதில்லை. மலேசியாவின் 1976-ஆம் ஆண்டு நகர, ஊர்த் திட்டமிடல் சட்டம், அரசிதழில் வெளியான வட்டாரத் திட்டம் இல்லாத இடங்களில், ஒரு மேம்பாட்டு விண்ணப்பம் வந்தால் அண்டை நில உரிமையாளர்களுக்கு அறிவிப்பு அனுப்ப வேண்டும் என்கிறது. அவர்கள் 21 நாளுக்குள் மறுப்புச் சொல்லலாம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்த 21 நாளும் ஒரு விண்ணப்பத்துக்கு, ஒரு மனைக்கு. உரிமையாளருக்குத்தான் அறிவிப்பு, வாடகைக்கு இருப்பவருக்கு அல்ல. முப்பது ஆண்டில் வரப்போகும் இருபது கட்டடங்களைச் சேர்த்துப் பார்த்தால் தெருவில் எத்தனை லாரி ஓடும், வாய்க்காலில் எவ்வளவு தண்ணீர் கூடும் என்று கேட்க அதில் இடமில்லை.

கலிபோர்னியாவில் இதை வேறு விதமாகச் செய்து பார்த்தார்கள். 2000-ஆம் ஆண்டு சாந்தா கிளாரா மாவட்டம் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்துக்கு ஒவ்வொரு கட்டடமாக அல்லாமல் மொத்தமாக ஓர் அனுமதி கொடுத்தது: சுமார் இருபது லட்சம் சதுர அடி கல்விக் கட்டடங்கள், கூடவே வீடுகளும் விடுதிகளும். அதற்கு ஈடாக ஒரு கடுமையான நிபந்தனை. எத்தனை கட்டினாலும், காலையும் மாலையும் நெரிசல் நேரத்தில் வளாகத்துக்கு வந்துபோகும் வாகனங்களின் எண்ணிக்கை கூடக் கூடாது. பல்கலைக்கழகம் சொல்வதை அப்படியே நம்பாமல், நுழைவாயில்களில் ஆண்டுதோறும் வண்டிகளை எண்ணினார்கள். விளைவு, பேருந்தில் வருபவருக்கும் சைக்கிளில் வருபவருக்கும் சலுகை கொடுத்து, காரில் தனியாக வருபவரைக் குறைக்கும் வேலை நிர்வாகத்தின் தலையில் விழுந்தது. பிறகு இன்னும் பெரிய விரிவாக்கத்துக்கு விண்ணப்பித்த ஸ்டான்போர்டு, மாவட்டத்தின் நிபந்தனைகளில் உடன்பாடு எட்டாமல் 2019 நவம்பரில் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. பணமும் புகழும் உள்ள நிறுவனத்திடமும் உள்ளூர் மன்றம் பேரம் பேசலாம் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைப்பது அரிது.

நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் பாடம் கசப்பாக வந்தது. 1968-இல் மார்னிங்சைட் பூங்காவில் உடற்பயிற்சிக் கூடம் கட்டப் போய், ஹார்லெம் மக்களும் மாணவர்களும் கிளர்ந்தெழ, திட்டத்தையே கைவிட நேர்ந்தது. நாற்பது ஆண்டு கழித்து மன்ஹாட்டன்வில்லில் 17 ஏக்கரில் புதிய வளாகம் தொடங்கியபோது, 2009-இல் அக்கம்பக்கத்தாரின் அமைப்போடு 15 கோடி டாலர் மதிப்பில் ஓர் ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்திட்டது. அப்படியும் நிலத்தைக் கட்டாயமாக எடுப்பது சரியா என்ற வழக்கு மாநிலத்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம்வரை போனது. 2010-இல் பல்கலைக்கழகத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. ஒப்பந்தம் போட்டதால் கோபம் தீர்ந்துவிடவில்லை. ஆனால் கேட்டதையும் கொடுத்ததையும் இரு தரப்பும் காகிதத்தில் வைத்துக்கொண்டு பேச முடிந்தது.

கெலுகோருக்குத் திரும்பினால், அதே மாநிலத்திலேயே ஒரு நல்ல முன்மாதிரி இருக்கிறது; அதைச் செய்தவர்கள் இதே பல்கலைக்கழகத்தின் பொறியாளர்கள். மிண்டனில் எல்லாவற்றையும் திணிக்காமல் சில துறைகளை வெளியே அனுப்பியது பல்கலைக்கழகம். 1979-இல் தொடங்கிய மருத்துவப் பள்ளி கிளந்தானில் குபாங் கெரியானுக்குப் போனது. பொறியியல் துறை 1986-இல் பேராக் மாநிலத்துக்குப் போய், 2001-இல் பினாங்கு மாநிலத்தின் பெருநிலப் பகுதியான செபராங் பிறையின் நிபோங் திபாலுக்குத் திரும்பியது. நிபோங் திபாலில் கிடைத்தது சுமார் 320 ஏக்கர், பெரும்பாலும் செம்பனைத் தோட்டம், தட்டையான தாழ்நிலம். அங்கே கூரையும் தாரும் போட்டால் மண்ணுக்குள் இறங்கிய மழையெல்லாம் ஒரே மூச்சில் வாய்க்காலுக்கு வரும். பாதிப்பு வளாகத்துக்கு அல்ல, கீழே இருக்கும் ஊருக்கு.

வழக்கமான பொறியியல் பதில், சிமெண்டு வாய்க்காலை இன்னும் அகலமாக வெட்டித் தண்ணீரைச் சீக்கிரம் வெளியே தள்ளுவது. ‘என் வீட்டில் வெள்ளமில்லை’ என்று நிம்மதியாகத் தூங்கும் வழி அது. பல்கலைக்கழகத்தின் ஆற்றுப் பொறியியல், நகர வடிகால் ஆய்வு மையம் மறுபக்கம் யோசித்தது. வாய்க்காலுக்குப் பதிலாகப் புல் வளர்த்த அகலமான பள்ளங்கள். அவற்றுக்கு அடியில் ஆற்று மணலுக்குள் புதைத்த, துளையுள்ள பிளாஸ்டிக் கூடுகள். மழை புல்லில் வழிந்து, மணலில் வடிந்து, கூடுகளுக்குள் மெல்ல நகரும். இடையிடையே, மழை இல்லாத நாளில் வெறும் புல்வெளியாகத் தெரியும் குழிகள். பெருமழையில் அவை குளமாகி, பிறகு வற்றிவிடும். கடைசியில் தேக்கக் குளம், நீர்த்தாவரங்கள் வளர்த்த செயற்கைச் சதுப்பு. அதையெல்லாம் கடந்த பிறகுதான் தண்ணீர் கெரியான் ஆற்றை நோக்கிப் போகும். 2003 பிப்ரவரி 4-ஆம் நாள் பினாங்கு ஆளுநர் இந்த அமைப்பைத் தொடங்கிவைத்தார். வடிகால், நீர்ப்பாசனத் துறை 2001 தொடக்கம் நாடு முழுக்க நடைமுறைக்குக் கொண்டுவந்த மழைநீர் வழிகாட்டி நூலின் கொள்கையை முழு வளாக அளவில் செய்து காட்டிய முன்னோடி முயற்சி இது. கொள்கை எளிது: கட்டுவதற்கு முன் அந்த நிலத்திலிருந்து எவ்வளவு வேகத்தில் தண்ணீர் வெளியேறியதோ, கட்டிய பிறகும் அதைத் தாண்டக் கூடாது.

ஸ்டான்போர்டின் வாகன நிபந்தனையும் நிபோங் திபாலின் தண்ணீர் நிபந்தனையும் ஒன்றுதான் என்பதைக் கவனிக்க வேண்டும். இரண்டிலும் ‘தொல்லையைக் குறைப்போம்’ என்ற வாக்குறுதி இல்லை. வேலியில் நின்று அளக்கக்கூடிய ஓர் எண் இருக்கிறது. கட்டடம் எத்தனை வந்தாலும் அந்த எண் நகராது.

மேட்டு நிலமும் சரிவுமாக இருக்கும் மிண்டன் வேறு ரகம்; அங்கு பெய்யும் மழை தாழ்வான தெருக்களைத் தேடித்தான் ஓடும். நிலம் திறந்து கிடக்கும் மாதங்களில் தண்ணீரோடு மண்ணும் போகும். வாய்க்கால் தூர்ந்தால் நடுத்தர மழைக்கே தெருவில் தண்ணீர் நிற்கும். 2017 நவம்பர் 4-ஆம் நாள் இரவு தொடங்கி மாநிலத்தையே முடக்கிய பெருவெள்ளத்தைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அதற்கு இரண்டு வாரத்துக்கு முன்தான் தஞ்சோங் பூங்காவில் கட்டுமானத் தளம் சரிந்து 11 தொழிலாளர்கள் இறந்தார்கள். அடுத்த ஆண்டு அக்டோபரில் புக்கிட் கூக்குஸ் சாலைப் பணியில் மேலும் 9 பேர். சரிவில் வேலை செய்யும் எவரும் வண்டல் பிடிக்கும் குட்டை எங்கே, திறந்த மண்ணை எப்போது மூடுவார்கள், செப்டம்பர் முதல் நவம்பர்வரையிலான மழைக்காலத்தில் என்ன வேலையை நிறுத்துவார்கள் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும் என எதிர்பார்ப்பது அதிகப்படி இல்லை.

சத்தத்தில் பைலிங்தான் ராஜா. சுத்தியலால் அடித்து இறக்கும் தூண், தெரு முழுக்க நெஞ்சில் இடிக்கும். அதே வேலையைத் துளையிட்டுக் கான்கிரீட் ஊற்றியும் செய்யலாம். நீரழுத்தத்தால் அமுக்கியும் இறக்கலாம். ஜப்பானின் கோச்சி நகரில் கிக்கென் நிறுவனம் 1975-இலேயே, சத்தமும் அதிர்வும் குறைந்த அமுக்கு இயந்திரத்தை உருவாக்கிவிட்டது. செலவு கூடும், எல்லா மண்ணுக்கும் ஒத்துவராது என்பதும் உண்மை. எதைத் தேர்ந்தெடுப்பது என்ற முடிவு ஒப்பந்தப்புள்ளி எழுதும் மேசையில் நடக்கிறது. தளத்தில் இயந்திரம் வந்து நின்ற பிறகு மேற்பார்வையாளரிடம் சண்டை போட்டு அதை மாற்ற முடியாது.

மலேசியச் சுற்றுச்சூழல் துறையின் இரைச்சல் வழிகாட்டி, 2007 பதிப்பில், குடியிருப்புக்குப் பக்கத்தில் நடக்கும் பகல்நேரக் கட்டுமானத்துக்கு உச்ச அளவு 90 டெசிபெல் என்று வைத்தது. அளக்கும் நேரத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் 75-ஐத் தாண்டக் கூடாது என்றும் சொன்னது. பத்து டெசிபெல் கூடினால் காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்காகக் கேட்கும் என்பதால், 75-க்கும் 90-க்கும் நடுவில் இருக்கும் தூரம் சிறிதல்ல. சிங்கப்பூர் எண்ணோடு நிற்காமல் நாளையும் குறித்தது. 2011 செப்டம்பர் முதல் தொடங்கிய தளங்களில், 150 மீட்டருக்குள் வீடு இருந்தால் சனிக்கிழமை இரவு பத்து மணி முதல் திங்கள் காலை ஏழு மணிவரை வேலை கூடாது. ஞாயிறு நிச்சயமாக அமைதி என்று தெரிந்தால் சனிக்கிழமைச் சத்தத்தைச் சகிப்பது எளிது. கெலுகோரில் இதோடு எஸ்.பி.எம். பள்ளியிறுதித் தேர்வு வாரங்களையும் தீபாவளி, ரமலான், சீனப் புத்தாண்டையும் சேர்த்து ஒரு நாள்காட்டி போட்டால் பாதிப் புகார் வராது.

வீட்டுச் சுவரில் விரிசல் விழுந்தால் அது பைலிங்கால் வந்ததா, பழையதா என்ற தகராறு முடிவதே இல்லை. ஒரே மருந்து, வேலை தொடங்கும் முன் சுற்றியுள்ள வீடுகளைச் சுவர் சுவராகப் படமெடுத்து, தேதியிட்டு, ஒரு பிரதியை வீட்டுக்காரர் கையில் கொடுப்பது. பிரதி ஒப்பந்தக்காரரின் அலமாரியில் மட்டும் இருந்தால் அது அவருக்கான காப்பு, அவ்வளவே.

அரசுத் திட்டங்களில் தொழிற்சாலையில் வார்த்த பகுதிகளைக் கொண்டு கட்டுவதற்கு 2008-ஆம் ஆண்டுக் கருவூலச் சுற்றறிக்கை 70 மதிப்பெண் என்ற குறைந்தபட்ச அளவை வைத்தது. தளத்தில் பலகை அடிப்பதும் கான்கிரீட் கலப்பதும் குறையும், நாளும் சுருங்கும். ஆனால் அந்த நீண்ட தூண்களையும் பலகங்களையும் சுமந்து வரும் பெரிய லாரி எந்த வழியாக, எத்தனை மணிக்கு வரும் என்பது புதிய கேள்வி. ஏற்கெனவே மாலை நேரத்தில் நகராத சுங்கை டுவா சாலையில் அந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல் எந்த வேலையும் தொடங்கக் கூடாது.

அதற்கு அவசரமும் வந்திருக்கிறது. 2025 ஜனவரியில் கட்டுமானம் தொடங்கிய பினாங்கு இலகு ரயில் முத்தியாரா வழித்தடம், சுமார் 29.5 கிலோமீட்டர், தீவின் கிழக்குக் கரையோரமாகக் கெலுகோரைக் கடந்துதான் நகர மையத்திலுள்ள கொம்தார் போகும். 2031-இல் முடிக்க இலக்கு. அதுவரை ரயில் தூணுக்குப் பைலிங் ஒரு பக்கம், வளாகத்தின் கட்டடங்கள் மறுபக்கம், தனியார் அடுக்குமாடிகள் இன்னொரு பக்கம். மூன்றுக்கும் மூன்று ஒப்பந்தக்காரர், மூன்று அனுமதி, மூன்று புகார் எண். பினாங்குத் தீவு மாநகர் மன்றம் மூன்றையும் ஒரே வரைபடத்திலும் ஒரே நாள்காட்டியிலும் போட்டு, எந்த வாரம் எந்தத் தெருவில் யார் தோண்டுகிறார்கள் என்று மலாய், சீனம், தமிழ், ஆங்கிலத்தில் குடியிருப்பின் அறிவிப்புப் பலகையில் ஒட்டச் செய்யலாம். அதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவைப்படாது.